கொலைகாரனின் மனத்துக்குள் நுழையும் முன்: புதிய வாசகருக்குச் சில அறிவுரைகள்

பேத்தமங்களாவிலும் கோலார் தங்கவயலிலும் நாவல் வாசிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, ‘குற்றமும் தண்டனையும்’ படித்து மனம் கலங்கியதாகச் சொல்கிறீர்கள். பாதியில் மூடி வைத்தவர்களும் உண்டு. தஸ்தயேவ்ஸ்கி 1866இல் மாத இதழில் தொடராக எழுதிய ருஷ்ய நாவல் அது, எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. கலங்கியது நல்லதுதான். அந்தக் கலக்கத்தோடு எப்படி வாசிப்பது என்பதற்கே இந்த அறிவுரைகள்.

1. கொலைகாரன் யார் என்று தேடாதீர்கள். ராஜேஷ்குமாரையும் தமிழ்வாணனையும் வாசித்துப் பழகிய நமக்குக் கடைசிப் பக்கம் வரை ஆளைத் தேடும் பழக்கம் இருக்கிறது. இங்கே ஆறு பாகங்களில் முதல் பாகத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. செய்தவனும் நம் கண்முன் நிற்கிறான். மீதி ஐந்து பாகமும் அவன் மனத்துக்குள் நடப்பதுதான். ஏன் செய்தான், செய்தபின் என்ன ஆனான் என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள்.

2. பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கொலை செய்தவனின் முழுப்பெயரான ரோடியன் ரோமனோவிச் ரஸ்கோல்னிகோவ் ஒரே ஆள்தான். ரோமனோவிச் என்பது தகப்பன் பெயரிலிருந்து வருவது. தாய் அவனை ரோத்யா என்பாள். இது புரிந்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது.

3. உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். கொலை முடிந்து அவன் உள்ளே தாழிட்டு நிற்கிறான். வெளியே இரண்டு பேர் கதவை இழுக்கிறார்கள். அந்த இடத்தில் அவன் தப்பிவிட வேண்டும் என்று நீங்களும் மூச்சைப் பிடித்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். எழுத்தாளர் நம்மை அவன் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார். ஆனால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்து, பிறகு திரும்ப வாசியுங்கள். ஒரு மனிதனுக்கு நெருக்கமாக இருந்தாலே அவன் செய்வது நியாயம்போலத் தோன்றும் என்பதை அந்த இடம் கற்றுக்கொடுக்கும்.

4. செத்தவர்களை மறக்காதீர்கள். அடகுக்கடையின் வட்டி நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. அதனால் அடகு பிடிக்கும் கிழவி அல்யோனா இவானோவ்னா கொல்லப்படும்போது, ‘அவளுக்கு வேண்டியதுதான்’ என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொன்ன கையோடு லிஸவேத்தாவை நினைத்துப் பாருங்கள். கிழவியின் தங்கை, யாருக்கும் தீங்கு நினைக்காதவள், எதிர்பாராமல் வீடு திரும்பியதால் அவளும் வெட்டப்படுகிறாள். பின்னால் ஸோனியா என்ற பெண் அவனுக்கு வாசித்துக் காட்டும் வேதப்புத்தகம் லிஸவேத்தா கொடுத்ததுதான். இதைக் கவனிக்காமல் கடந்துபோனால் நாவலின் பாதி கைநழுவிவிடும்.

5. வறுமைதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். திருடிய பணப்பையை அவன் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கடியில் புதைக்கிறான். அதில் 317 ரூபிள் 60 கோபெக் இருந்தது என்பது வழக்கின்போதுதான் தெரிகிறது. அவனுக்குள் ஒரு கொள்கை இருந்தது: அசாதாரண மனிதர்கள் சட்டத்தைத் தாண்டலாம் என்று கட்டுரையே எழுதியவன் அவன். அவன் நண்பன் ரசுமிகினும் பணமில்லாத மாணவன்தான். மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைக்கிறான். 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயல் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். விடிகாலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் வந்து வீட்டைக் காத்தவர்கள் நம் ஜனங்கள். ஏழ்மை கொலைகாரனை உண்டாக்கும் என்று யாராவது சொன்னால், அவர்களை நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

6. பைத்தியம் என்று பெயர் சூட்டிவிட்டு ஒதுங்காதீர்கள். காய்ச்சலில் பிதற்றுகிறான், கெட்ட கனவு காண்கிறான். தற்காலிக மனக்கோளாறு என்ற பேச்சு அவன் வழக்கிலும் எழுகிறது. ஆனால் அவன் யோசித்து, ஒத்திகை பார்த்துச் செய்தவன். மனநோயாளிகள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்ற பொய்யை இந்த நாவலைக் காட்டி வளர்ப்பது பெரும் அநியாயம்.

7. போர்ஃபிரி வரும் இடங்களை இரண்டு முறை வாசியுங்கள். அந்த விசாரணை அதிகாரியிடம் உறுதியான தடயம் எதுவும் இல்லை. பேச்சு மட்டுமே இருக்கிறது. கடைசிச் சந்திப்பில் ‘நீதான் கொன்றாய்’ என்று நேரே சொல்லிவிட்டு, தானாகவே ஒப்புக்கொள்ள அவனுக்கு அவகாசம் கொடுக்கிறார். முதல் முறை பேச்சைக் கவனியுங்கள். மறுமுறை அவர் எங்கே பேச்சை நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

8. பின்கதையைத் தள்ளிவிடாதீர்கள். எட்டு ஆண்டு சைபீரியக் கடுங்காவல் அதில்தான் வருகிறது. தஸ்தயேவ்ஸ்கி அரசியல் வழக்கில் 1849இல் கைதாகி, ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் கிடந்தவர். சிறைக்கைதிகளை நேரில் அறிந்து எழுதினார். சைபீரியாவில் ரஸ்கோல்னிகோவ் மனம் மாறுவது இயல்பாக இருக்கிறதா, திடீரென்று வருகிறதா என்று வாசகர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். நீங்களும் வாதாடுங்கள்.

9. அடுத்தவர் கருத்தைக் கேட்கும் முன் உங்கள் கருத்தை எழுதிவிடுங்கள். ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ போதாது. எந்த இடத்தில் அவன்மேல் இரங்கினீர்கள், எந்த இடத்தில் வெறுத்தீர்கள், ஏன் மாறினீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணைக் குறியுங்கள். என் கருத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பக்கம் அப்படி நினைக்க வைத்தது என்று கேட்டால், புத்தகத்தைத் திறந்து காட்டத் தெரிய வேண்டும்.