சிறுநீரக மாற்றுக்குப் பிறகு: எந்த ‘பிளாக்’, எதைக் கேட்டு வைப்பது?

மாளிகாவத்தை சிறுநீரக ஆஸ்பத்திரியிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் வீட்டில் எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: புதுச் சிறுநீரகம் வேலை செய்யுமா? நோவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்து வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீட்டில் தங்கி அலைகிற குடும்பங்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. ஆனால் நோவுக்கான திட்டம் தியேட்டருக்குப் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் மயக்க மருந்து டொக்டர் பார்க்க வரும் நாளிலேயே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்.

மற்றச் சத்திரசிகிச்சைகளில் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இங்கோ வழமையான நோ மருந்துகளே சிக்கல். டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் குளிசையும் அதே வேலையைச் செய்வதால், இரண்டும் சேர்ந்தால் புதுச் சிறுநீரகம்தான் அடிபடும். மார்பின் ஈரலில் மாறி, சிறுநீர் வழியாக வெளியேற வேண்டியது. புதுச் சிறுநீரகம் வேலையைத் தொடங்கச் சுணங்கினால் அது உடம்பில் தங்கி, தூக்கம் அதிகரித்து, மூச்சு மெதுவாகும். பெத்திடின் இன்னும் மோசம். அதன் கழிவு தேங்கினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஆகவே பனடோலும் பெந்தனில் போன்ற ஊசியும்தான் மிச்சம். அவற்றின் சுமையைக் குறைக்கத்தான் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, அதாவது பிளாக்.

இலங்கையில் முதல் சிறுநீரக மாற்று 1985இல் நடந்தது. இன்று அதிகம் பேசப்படும் மூன்று பிளாக்குகளில் ஒன்றுகூட அன்று இல்லை. டாப் 2001இல், கியூ.எல். 2007இல், ஈ.எஸ்.பி. 2016இல்தான் மருத்துவ உலகுக்கு அறிமுகமாயின.

முதல் வேலை, டொக்டர் கேட்காவிட்டாலும் சில விஷயங்களை நீங்களே சொல்வது. கடைசி டயாலிசிஸ் எப்போது, அதில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் போட்டார்களா? நோயாளி கிளோபிடோகிரெல், வார்பரின் எடுக்கிறாரா? சரியான எடை எவ்வளவு? எடையைக் கேட்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. பிளாக்கில் போடும் மரப்பு மருந்தான பியூபிவகெய்னுக்குப் பொதுவாக வைக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்து 20 மில்லிலீற்றரில் இருப்பது 50 மில்லிகிராம்தான், எல்லைக்குள் நிற்கும். ஆனால் டயாலிசிஸில் நீர் ஏறி இறங்குகிற உடம்புக்குப் பழைய எடையைச் சொன்னால் கணக்குப் பிசகும். டயாலிசிஸுக்காகப் பிஸ்டுலா வைத்த கையையும் காட்டிவிடுங்கள்.

அடுத்து, நோ எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். புதுச் சிறுநீரகம் முதுகுப் பக்கம் போவதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்கம், சரிவாக வெட்டி வைக்கப்படுகிறது. அந்தத் தோலுக்கும் தசைக்குமான நரம்புகள் வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடுகின்றன. அவற்றை மரக்கச் செய்யலாம். சிறுநீர்க் குழாயைத் தைத்த இடத்திலும் கதீட்டராலும் வரும் இழுவையும் முடுக்கும் வேறு வகை. அதற்கு வேறு மருந்து வேண்டும். பிளாக் போட்டும் நோகிறதே என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி ஒப்பிடலாம்.

டாப் பிளாக்கில் ஆள் மல்லாந்து படுத்தபடியே, ஸ்கேன் பார்த்து, வயிற்றின் பக்கவாட்டில் உள்ளிரண்டு தசைகளுக்கு இடையே மருந்து போடுகிறார்கள். பெரும்பாலும் மயக்கத்திலேயே முடிந்துவிடும். ஆழம் குறைவு, இரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்கலாம். குறை, வெட்டின் நோவை மட்டும்தான் எடுக்கும். மார்பின் தேவை குறைந்ததாகச் சில ஆய்வுகளும், வித்தியாசமே இல்லை என்று சிலவும் சொல்கின்றன.

கியூ.எல். பிளாக்கில் மருந்து இன்னும் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய தசையின் அருகே போகிறது. உள்ளுறுப்பு நோவும் ஓரளவு குறையலாம், கூடுதல் நேரம் நிற்கலாம் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஆழமான இடம், கசிந்தால் அழுத்த முடியாது. ஹெபரின் கதையைச் சொல்லச் சொன்னது முக்கியமாக இதற்காகத்தான். தொடைத் தசை சில மணித்தியாலம் சோர்ந்துபோகவும் கூடும்.

ஈ.எஸ்.பி. முதுகில் போடுவது. ஆளை இருத்தவோ பக்கவாட்டில் கிடத்தவோ வேண்டும் என்பதால் வெட்டுக்கு முன்பே போடுவதுதான் வசதி. மருந்து எவ்வளவு தூரம் பரவும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

முள்ளந்தண்டுக்குள் மருந்து விடும் எபிடியூரல் எல்லாவற்றையும் விட வலுவானது. எனினும் பிரஷரை இறக்கும். புதுச் சிறுநீரகத்துக்கோ நல்ல பிரஷர் வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத் தட்டுகள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலையில் மந்தம். முள்ளந்தண்டுக்குள் இரத்தம் கட்டினால் கால்களே செயலிழக்கலாம். அரிதுதான், ஆனாலும் பல டொக்டர்கள் இதைத் தவிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஒருபக்க வெட்டுக்கு டாப் போதும். கியூ.எல். கைபழகிய டொக்டர் கிடைத்து, இரத்தம் உறைவதிலும் சிக்கல் இல்லையென்றால் அதுவும் நல்லது. பெயரைச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். “டொக்டர், நீங்கள் வழமையாகப் போடுவது எது? ஏன் அது?” என்று கேளுங்கள். எதுவும் போட முடியாவிட்டால், காயத்தைத் தைக்கும்போது சத்திரசிகிச்சை நிபுணரே மரப்பு மருந்து போடுவாரா என்று கேட்கலாம். செலவு குறைந்த வழி அது.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: “எத்தனை மணிக்கு விடும்?” ஒருமுறை போட்ட ஊசி பொதுவாக அரை நாள் அளவில் தளரும், சிலருக்குக் கூடுதலாக நிற்கும். மத்தியானம் போட்டது நள்ளிரவில் விடும். வாட்டில் ஆட்கள் குறைவான நேரம் அது. விட்ட பிறகு நோவைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம். அதனால் பனடோல் நேரத்துக்கு நேரம் எழுதப்பட்டிருக்கிறதா, அதற்கு மேல் என்ன ஊசி என்று முதலே கேட்டு வையுங்கள்.

வாட்டில் மிஸ்ஸிடம் சிங்களத்தில் விளக்கத் தடுமாறினால் 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஓர் எண், இருமும்போது ஓர் எண். உதடு விறைப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை இருந்தால் உடனே சொல்ல வேண்டும். மரப்பு மருந்து இரத்தத்தில் கூடியதன் அறிகுறிகள் அவை. முதன்முறை கட்டிலை விட்டு இறங்கும்போது பிடிக்க ஒருவர் இருக்கட்டும்.

நன்றாக இருந்தவருக்கு நோ திடீரென ஏறினால், வயிறு வீங்கினால், சிறுநீர் குறைந்தால், இன்னொரு பிளாக் கேட்காதீர்கள். டொக்டரை வரச் சொல்லுங்கள். உள்ளே இரத்தம் கசிவதாகவோ, சிறுநீரகத்தின் இரத்தக் குழாய் அடைபட்டதாகவோ இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் காலி வீதிப் பாமசியில் நோக் குளிசை வாங்கும் பழக்கம் வேண்டாம். மெபெனமிக் அசிட்டும் விலக்க வேண்டிய கூட்டம்தான். கிளினிக்கில் கேட்காமல் எதையும் விழுங்காதீர்கள்.

சிறுநீரகம் கொடுத்த அண்ணாவையோ அம்மாவையோ மறந்துவிடாதீர்கள். விலாப்பக்கம் வெட்டி எடுத்திருந்தால் அவருக்குத்தான் நோ கூட. மூச்சு இழுக்கும்போதெல்லாம் குத்தும். நல்ல சுகத்தோடு தியேட்டருக்குப் போன ஆள் என்பதால் எபிடியூரலும் முதுகுப் பக்கப் பிளாக்குகளும் அவருக்குப் பெரும்பாலும் சாத்தியம். இதே கேள்விகளை அவருக்காகவும் தனியாகக் கேளுங்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் அவரும்தான், டைக்ளோபினாக் விஷயத்தில் கவனம் தேவை. டிக்கட் வெட்டும்போது அவருடைய கிளினிக் திகதியையும் எழுதி வாங்குங்கள்.