இணையத்தளம் எழுதும் கொப்பி

எமது கல்லூரியின் பழைய மாணவர் பதிவேட்டை இணையத்தளத்தில் ஏற்றவேண்டும் என்னும் கருத்து இவ்யூபிலி ஆண்டிலே பலராலும் எடுத்துரைக்கப்படுகின்றது. தீவகத்தினின்றும் புறப்பட்டுக் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் எம்மவரை ஒன்றுசேர்க்க இதனினும் எளிய வழி பிறிதில்லை. ஆயினும், இணையத்தளத்தை நாம் பார்க்குங்கால் அதுவும் எம்மைப் பார்க்கின்றது. எதனைப் பார்க்கின்றது, பார்த்ததை என் செய்கின்றது என்பவற்றைச் சிறிது ஆராய்வாம்.

ஒரு தளத்தைத் திறந்த கணத்திலேயே எமது இணைப்பின் முகவரி இலக்கம், உலாவியின் வகை, கருவியின் மொழி முதலியன அத்தளத்தைத் தாங்கும் கணினிக்குத் தெரிந்துவிடுகின்றன. ஆனால் அக்கணினிக்கு மறதி இயல்பு. அடுத்த பக்கத்தைக் கேட்பவர் முன்வந்தவர்தாமா என்பதை அது அறியாது. இக்குறையை நீக்க 1994ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருலி என்பார் வகுத்த உபாயமே குக்கி. கோயில் வாசலிற் பாதணிகளை ஒப்படைப்பவருக்கு இலக்கமிட்ட தகடு கொடுக்கும் வழக்கத்தை மாணவர் அறிவர். தகட்டிற் பெயருமில்லை, ஊருமில்லை. இலக்கத்தைக் கண்டதும் காவலர் உரியதை எடுத்துக் கொடுக்கின்றார். குக்கியும் அத்தகைய தகடே. தளம் அதனை எமது உலாவியில் இட்டுவைக்கும். மறுமுறை செல்லுங்கால் உலாவி அதனைக் காட்டும். கடவுச்சொல்லைப் பக்கந்தோறும் கொடுக்க வேண்டாதிருப்பது இதனாலேயே. இதிற் குற்றம் யாதுமில்லை.

இடர் விளைவது வேறொரு வகையில். குறிகட்டுவான் இறங்குதுறையிலும், நயினாதீவுக் கோயில் வாசலிலும், யாழ்ப்பாணத்து மருந்துக் கடையிலும் ஒரே முதலாளியின் ஆட்கள் அமர்ந்து, எமது கையிலுள்ள ஒரே தகட்டைப் பார்த்து, அவ்வவ்விடத்து நாம் செய்தவற்றை ஒரே கொப்பியில் எழுதிவருகின்றனர் என்று கொள்வோம். சின்னாளில் எமது பயணம், வழிபாடு, நோய் யாவும் அம்முதலாளிக்கு வெளிச்சமாகிவிடும், பெயர்கூடத் தேவைப்படாது. மூன்றாந்தரப்புக் குக்கி செய்வது இதுவே. ஊர்ச் செய்தித் தளமும் மரண அறிவித்தல் தளமும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரலைத் தம் பக்கங்களில் வைத்திருப்பின், இரண்டிற்கும் வந்தவர் ஒருவரே என்பதை அந்நிறுவனம் கண்டுகொள்ளும். அப்பிளின் சபாரி உலாவி 2020இல் இத்தகைய குக்கிகளை முற்றாகத் தடுத்தது. தானும் நீக்குவதாக அதே ஆண்டில் அறிவித்த கூகிள், பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்திடம் வேறெதனை எதிர்பார்ப்பது!

“மறைப்பதற்கு எம்மிடம் என்ன உண்டு?” என வினவுவாரும் உளர். வாக்காளர் இடாப்பு வாக்களிப்பதற்காகத் தொகுக்கப்பட்டது. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் இல்லங்களைத் தேடிவந்த வன்செயலாளர் கைகளில் அவ்விடாப்புக்கள் இருந்தன. தொகுத்த நோக்கம் ஒன்று. பயன்பட்ட நோக்கம் வேறொன்று. இதனை எம்மவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரு நோக்கத்திற்குப் பெற்றதை அதற்கொவ்வாத பிறிதொன்றிற்குப் பயன்படுத்தலாகாது என்பதே இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. இனம், சமயம், உடல்நலம், சிறுவர் பற்றிய தரவுகளுக்கு அச்சட்டம் தனிக் காப்பு வகுத்துள்ளது. ஐரோப்பாவில் விதி இன்னுங் கண்டிப்பானது. முன்கூட்டியே அடையாளமிடப்பட்ட கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஒக்ரோபரில் தீர்ப்பளித்தது. குக்கியை ஏற்பது எளிதாகவும் மறுப்பது அரிதாகவும் அமைத்தமைக்காகப் பிரெஞ்சு அதிகாரசபை கூகிளுக்கு 150 மில்லியன் யூறோவும் பேஸ்புக்கிற்கு 60 மில்லியன் யூறோவும் தண்டம் விதித்ததை 2022 சனவரியில் அறிவித்தது.

நிற்க, எமது பதிவேட்டிற்குப் பெயரும் கல்வி பயின்ற ஆண்டுகளும் போதும். பிறந்த திகதியும் வீட்டு முகவரியும் எதற்கு? தொலைபேசி இலக்கத்தை உரியவர் இசைந்தாலன்றி வெளியிடுதல் தகாது. இன்று பயிலும் சிறுவரின் படங்களைப் பெயரோடு இடுதல் அறவே வேண்டா. வருவோரை எண்ணுவதற்கென இலவசமாய்க் கிடைக்கும் பிறர் நிரல்களையும் தளம் அமைப்போர் ஆராய்ந்தே சேர்ப்பாராக. இலவசத்தின் விலையை வருவோரே கொடுக்கின்றனர். மாணவருக்கு ஒன்று: நூலகத்துப் பொதுக் கணினியிற் சாளரத்தை மூடிவிட்டு எழுந்து செல்லாதீர். கணக்கினின்றும் வெளியேறாதவரின் தகடு அங்கேயே கிடக்கும்; அடுத்து அமர்பவர் அதனைக் காட்டி உமது அஞ்சலைப் படிக்கலாம்.