4கே என்று விற்ற பெட்டி, மங்கிய படம்: வழக்கு யார் மீது?

கேள்வி: வக்கீல் சார், நான் ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியன். எட்டு மாதம் முன்பு ஓர் இணைய அங்காடியில் 4,799 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் வாங்கினேன். ‘4கே அல்ட்ரா எச்டி, எல்லா ஓடிடியும் 4கே-யில் பார்க்கலாம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஓடிடி எல்லாம் ஓடத்தான் செய்கிறது. ஆனால் படம் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி இருக்கிறது. விடிகாலையில் போட்டாலும் அப்படித்தான், ராத்திரி போட்டாலும் அப்படித்தான். வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் இருக்கிறது. ஓடிடிக்கு 4கே பார்க்கிற பெரிய சந்தாவே கட்டுகிறேன். பாக்ஸ் விற்றவரைக் கேட்டால் ‘உங்கள் நெட் சரியில்லை’ என்கிறார். நெட் கொடுப்பவர் ‘ஓடிடி சர்வர் பிரச்சினை’ என்கிறார். ஓடிடி கஸ்டமர் கேரில் ‘உங்கள் சாதனத்தைப் பாருங்கள்’ என்கிறார்கள். இதில் வேடிக்கை, அதே பாக்ஸில் யூடியூப் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. மகளின் டேப்லெட்டில் அதே வை-ஃபையில் அதே படம் நன்றாக இருக்கிறது. சனி, ஞாயிறு ராத்திரிகளில் மட்டும் படம் அடிக்கடி நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். பாக்ஸைத் திருப்பித் தர 10 நாள்தான் அவகாசம், அது முடிந்துவிட்டது என்கிறார்கள். மூன்று பேர் மீதும் சேர்த்து 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். ஆனால் மூன்று பேர் மீதும் வேண்டாம், 5 லட்சமும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் இந்த மாதிரி வழக்குகள் தோற்பதற்குச் சட்டம் போதாமல் இருப்பது அரிதான காரணம். ‘மூவரில் யாரோ ஒருவர் தப்பு செய்திருக்கிறார், ஆணையமே கண்டுபிடிக்கட்டும்’ என்று மனு எழுதுவதுதான் வழக்கமான காரணம். குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. எதிர்த்தரப்பினர் மூவர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது போனில் செய்வதையே அங்கே வக்கீல் வைத்துச் செய்வார்கள். அதனால் குறை எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே பாதி இருக்கிறது.

ஓடிடி படம் இணைய வேகத்துக்கு ஏற்பத் தன் தரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். லைன் மோசமானால் படம் மங்கும், சீரானதும் தெளியும். அதாவது லைனில் கோளாறு இருந்தால் படம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் விடிகாலையிலும் இரவிலும் ஒரே மங்கல். அது லைனின் குணம் அல்ல. நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் கணக்கின்படி முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் போதும். உங்கள் 100-இல் பாதி வந்தாலே தாராளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மங்கிய படத்தில் கீழே ஓடும் சப்டைட்டில் எழுத்து எப்படி இருக்கிறது? நடிகரின் முகம் கலங்கி, எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால், டிவியும் எச்டிஎம்ஐ கேபிளும் சரியாக இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். எழுத்தைச் செயலி தனியாக வரைகிறது. குறைந்த தரத்தில் வந்து சேர்வது வீடியோ மட்டுமே.

ஏன் அப்படி வருகிறது? ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படத்தைப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு சாதனங்களில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன், கூகுளுடையது. அதில் எல்1, எல்3 என்று படிகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை சிப்புக்குள் பாதுகாப்பாக நடக்கிறது. எல்3 என்றால் வெறும் மென்பொருளில் நடக்கிறது. எல்3 மட்டும் உள்ள சாதனத்துக்குப் பெரும்பாலான ஓடிடிகள் 480பி தரத்துக்கு மேல் தருவதில்லை. சில நிறுவனங்கள் எல்1-க்கும் மேலே தங்கள் சொந்தச் சான்றும் கேட்கின்றன. மலிவு விலைப் பெட்டிகள் பலவற்றில் இவை எதுவும் இருக்காது. யூடியூபின் சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது, அதனால்தான் அது மட்டும் பளிச்சிடுகிறது. டேப்லெட்டை மட்டும் பெரிய சாட்சியாக நம்பாதீர்கள். சின்னத் திரையில் 480பி படமும் அழகாகத்தான் தெரியும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.

பெட்டியில் ‘டிஆர்எம் இன்ஃபோ’ மாதிரி ஒரு செயலியைப் போட்டுத் திறந்தால் வைட்வைன் எந்தப் படி என்று காட்டிவிடும். எல்3 என்று வந்தால் உங்கள் எதிராளி யார் என்ற கேள்வி முடிந்தது. எல்1 என்றே வந்தால், அந்த ஓடிடி தன் சான்று பெற்ற சாதனங்களில் உங்கள் மாடலைச் சேர்த்திருக்கிறதா என்று அதன் கஸ்டமர் கேரில் எழுத்து மூலம் கேளுங்கள். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ துளையும் 4கே-க்கு ஏற்றதாக இருக்காது. எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு வசதி உள்ள துளையில்தான் பெட்டி செருகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விற்றவர் இந்தச் சாக்கைச் சொல்ல இடம் வைக்கக் கூடாது.

இனி சட்டம். விற்றவரின் பதில் எனக்கு இப்போதே தெரியும்: ‘எங்கள் சிப் 4கே வீடியோவை இயக்கும், யூடியூபில் ஓடுகிறதே, நாங்கள் பொய் சொல்லவில்லை.’ 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(10)-இல், ஒரு பொருளின் ‘குறை’ எது என்று சொல்லும்போது, சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரத்தோடு நிற்கவில்லை. வணிகர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரத்துக்குக் குறைந்தாலும் அது குறைதான். உங்களுக்குச் சொன்னது ‘சிப் 4கே இயக்கும்’ என்பது அல்ல, ‘எல்லா ஓடிடியும் 4கே-யில் பார்க்கலாம்’ என்பது. பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை விளக்குகிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். ஓடிடி பார்ப்பதற்காகவே வாங்கும் பெட்டியில் ஓடிடியின் சான்று இல்லை என்பதைவிட முக்கியமான தகவல் வேறு என்ன இருக்க முடியும்? என் பார்வையில் பாதி உண்மையைச் சொல்லி விற்பது முழுப் பொய்யைவிடத் தந்திரமானது. வாங்குபவர் தன் நெட்டையே சந்தேகித்துக்கொண்டு மாதங்களைக் கழித்துவிடுகிறார்.

‘10 நாள் முடிந்துவிட்டது’ என்பது அந்த அங்காடியின் வசதிக்கான விதி. மனம் மாறியவரைக் கட்டுப்படுத்த அது போதும், குறையுள்ள பொருளை வாங்கியவரைத் தடுக்கப் போதாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லை என்றால், அதைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வழக்குத் தொடர அதே 2019 சட்டத்தின் பிரிவு 69 தரும் காலம் 2 ஆண்டுகள். ‘பெங்களூரு நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்’ என்று விதிமுறைகளில் பொடி எழுத்தில் இருந்தாலும் பயப்படாதீர்கள். பிரிவு 34 புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தர அனுமதிக்கிறது. உங்களுக்கு ஈரோடு மாவட்ட ஆணையம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. புதுப் படங்களை இலவசமாகக் காட்டும் செயலிகளை முன்கூட்டியே ஏற்றித் தரும் பெட்டிகள் சந்தையில் உண்டு. உங்களுடையது அந்த ரகமாக இருந்து, நீங்களும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஆணையத்தில் அது உங்கள் கையைத்தான் சுடும். பதிப்புரிமைச் சிக்கல் உள்ள பெட்டியோடு நியாயம் கேட்டுப் போவது சங்கடம். உங்கள் கடிதத்தில் பணம் கட்டிய சந்தா என்று இருப்பதால் நிம்மதி.

நெட் கொடுப்பவர் விஷயத்துக்கு வருவோம். சனி, ஞாயிறு இரவு சுற்றல் தனிக் கதை, பெட்டியின் மங்கலோடு அதைக் கலக்காதீர்கள். அந்த நேரத்தில் வை-ஃபையை விட்டுவிட்டு, ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேராக ஒரு லேப்டாப்பில் செருகி வேகம் பாருங்கள். 80, 90 வந்தால் குறை உங்கள் வீட்டு வை-ஃபையில். பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்சில் நெரிசலாக இருக்கும், பெட்டியைக் கேபிளிலோ 5 கிகாஹெர்ட்சிலோ இணைத்தால் தீர்ந்துவிடும். கேபிளிலும் 5, 6 எம்பிபிஎஸ்தான் வருகிறது, வாரம் தவறாமல் அப்படி என்றால் அது சேவைக் குறைபாடு. திட்டத்தில் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்று எழுதியிருப்பார்கள். அந்த ‘வரை’ சிறு ஏற்ற இறக்கத்துக்குக் குடை பிடிக்கும், பணம் வாங்கிக்கொண்டு இருபதில் ஒரு பங்கு கொடுப்பதற்குப் பிடிக்காது என்பது என் வாதமாக இருக்கும். மாத டேட்டா வரம்பு தாண்டியதால் வேகம் குறைந்ததா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அங்கே முறை வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை. 2012-ஆம் ஆண்டின் டிராய் விதிமுறைகள்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும், கட்டணம் இல்லை. கேபிள்காரர் மூலம் இணைப்பு வாங்கியிருந்தால் ரசீதில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் என்ன என்று பாருங்கள், புகார் அவர்கள் பெயரில்தான் போக வேண்டும். தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம், நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் உங்கள் லைன் 100-க்குப் பக்கத்தில் வருகிறது என்றால் நெட் கொடுப்பவரை இழுக்காதீர்கள். ஓடிடி நிறுவனத்தையும் விட்டுவிடுங்கள். அவர்கள் ‘சாதனத்தைப் பாருங்கள்’ என்றது இந்த மூவரில் ஒருவராவது சொன்ன உண்மை.

ஆவணங்களை இன்றே சேருங்கள். அந்த விளம்பரப் பக்கத்தைத் தேதியுடன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் போன மறுநாளே வாசகம் மாறும். பில்லில் விற்பவரின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும். முகவரி இல்லை என்றால் அங்காடிக்கு எழுத்து மூலம் கேளுங்கள், தருவது அவர்கள் கடமை. வைட்வைன் செயலி காட்டும் திரை, மங்கிய முகமும் கூர்மையான சப்டைட்டிலும் ஒரே சட்டகத்தில் தெரியும் வீடியோ, லேன் கேபிளில் எடுத்த வேகக் கணக்கு ஆகியவை வேண்டும். போனில் எடுத்த இவற்றுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63-இன்படி சான்றிதழ் வைத்துவிடுங்கள், தகராறு வராது. பெட்டியிலும் அதன் அடாப்டரிலும் ‘ஆர்’ என்று தொடங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். அது போலி என்றால் உங்கள் வழக்கு இன்னும் பலமாகும்.

பிறகு அங்காடியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்பது விதி. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சின்னத் தொகை வழக்குகளில் பல இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளப்படுகின்றன. அசையவில்லை என்றால் விற்பவருக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். இதற்கு வக்கீல் கட்டாயம் இல்லை, வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம்.

அதற்கும் பதில் இல்லையா, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் தாக்கல் செய்யுங்கள். கட்டணம், கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்தது அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. விற்றவரை முதல் எதிர்த்தரப்பினராகவும் அங்காடியை இரண்டாவதாகவும் சேருங்கள். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று அங்காடி சொல்லும், அதை ஆணையம் முடிவு செய்யட்டும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கிடைக்கலாம். அதற்கு மேல் அவகாசம் தர ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. சோதனை தேவைப்பட்டால் 5 மாதம், இல்லையென்றால் 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

கட்டணம் இல்லை என்பதற்காக 5 லட்சம் கேட்காதீர்கள். 4,799 ரூபாய்ப் பெட்டிக்கு அவ்வளவு மன உளைச்சல் என்றால் ஆணையம் மனுவையே சந்தேகமாகப் பார்க்கும். பெட்டியின் விலை, அதற்கு வட்டி, 10,000 ரூபாய் நஷ்டஈடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். அந்த விளம்பர வாசகத்தை நிறுத்த உத்தரவிடும்படியும் சேர்த்துக் கேளுங்கள். பெட்டியை விற்கவோ, யாருக்கும் கொடுக்கவோ, ரிப்பேருக்குத் திறக்கவோ வேண்டாம். ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் கேட்டால் அது சீல் உடையாமல் இருக்க வேண்டும்.