என் வீடு ஏரிக்குள் இருக்கிறதா?

கேள்வி: வேளச்சேரியில் 2009-இல் தரைத்தள வீடு ஒன்று வாங்கினோம். 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் இடுப்பளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. இந்த இடம் முன்பு ஏரி என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வயல்தான் என்கிறார் வீட்டை விற்றவர். கூகுள் எர்த்தில் தெளிவான பழைய படங்கள் கிடைக்கவில்லை. அவற்றை வேறு எங்கே பார்ப்பது?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: 1960-கள் வரை பின்னோக்கிப் போக வழி இருக்கிறது. நம் நாட்டில் விமானத்திலிருந்து எடுத்த பழைய நிலப்படங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருந்தவை, தனியாள் கேட்டு வாங்குவது எளிதல்ல. நமக்குக் கைகொடுப்பது அமெரிக்காவின் கொரோனா உளவு செயற்கைக்கோள்கள். 1960 முதல் 1972 வரை அவை ஃபிலிமில் படம் எடுத்தன. சுருளைக் கூட்டில் வைத்துக் கீழே அனுப்புவார்கள். அது பாராசூட்டில் இறங்கும்போதே விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும். 1995-இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களின் ரகசியம் நீக்கப்பட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ‘எர்த் எக்ஸ்ப்ளோரர்’ தளத்தில் உங்கள் பகுதியைக் குறித்துத் தேடுங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்த படம் இலவசம். செய்யாததற்கு 30 டாலர் கட்ட வேண்டும். அப்படி நீங்கள் பணம் கட்டிய படம் பிறகு எல்லாருக்கும் இலவசமாகிவிடும்.

படம் எடுத்த மாதத்தை முதலில் பாருங்கள். ஜனவரியில் கருமையாகத் தெரியும் ஏரி, ஜூனில் வெளிறிய வெற்று நிலமாக இருக்கும். அதனால் தண்ணீரைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கரையைத் தேடுங்கள். நம் பக்கத்தில் நிலம் கிழக்கே சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும், வில்லைப் போல வளைந்த ஒரு கோடு. மேற்கே உள்வாய், அதாவது நீர் தேங்கும் பகுதி. கிழக்கே சின்னச் சின்னக் கட்டங்களாக நஞ்சை. கரைமேல் புள்ளி புள்ளியாக மரங்கள். பிற்காலத்தில் பல இடங்களில் அந்தக் கரையே சாலையாகிவிட்டது. உங்கள் பக்கத்துச் சாலை காரணமே இல்லாமல் வளைந்து போகிறதென்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

பழைய படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த, மாறாத இடங்கள் வேண்டும். தாம்பரம் ரயில் பாதை, கோயில் குளங்கள் இவை போதும். கொரோனா படங்களின் ஓரங்கள் இழுபட்டிருக்கும் என்பதால் உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள அடையாளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கரைக்கு வெளியே விழுந்தால் நிம்மதி அடைய வேண்டாம். ‘வயல்தான்’ என்பது ஆறுதல் தரும் பதில் அல்ல. ஏரிக்குக் கீழுள்ள ஆயக்கட்டு, மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடி வரவேண்டிய தாழ்ந்த நிலம். ஆகவே பெரியவர் தவறாகச் சொல்லியிருந்தாலும் உங்கள் வீடு பள்ளத்தில் இருக்கலாம். அதைவிட முக்கியம் கலங்கல். நிரம்பிய ஏரியின் உபரிநீர் வெளியேறும் அந்த வாயிலிருந்து கால்வாய் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து போங்கள். வேளச்சேரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர வேண்டும். அந்த வழியின்மேல் வீடு இருந்தால், ஏரியே தூர்ந்துபோனாலும் மழைநீர் பழைய தடத்தில்தான் வரும்.

உங்கள் வீடு தியாகராய நகரில் இருந்திருந்தால் இந்தப் படங்கள் உதவியிருக்காது. அங்கிருந்த நீண்ட ஏரியை 1920-களிலேயே நகராக்கிவிட்டார்கள். பழைய நில அளவை வரைபடங்கள்தான் கதி. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் சாலை’, அதாவது ஏரிக்கரைச் சாலை, என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கொரோனா படம் யாருடைய பட்டாவையும் முடிவுசெய்யாது. சட்டத்துக்குக் கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும்தான் பேசும். உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே ‘நஞ்சை’யா, ‘ஏரிப் புறம்போக்கா’ என்று பாருங்கள்.

படம் கிடைத்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்துத் திரைக்கு முன் உட்கார வையுங்கள். நல்ல கொரோனா படத்திலேயே சுமார் இரண்டு மீட்டருக்குக் குறைந்த பொருள் பிடிபடாது. அதனால் மதகு எங்கே இருந்தது, எந்த வாய்க்காலை எப்போது மண் போட்டு மூடினார்கள் என்பதையெல்லாம் அவர்தான் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.