மலைச்சரிவில் இருவீச்சு எஞ்சின்கள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதை, இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களைத் தமிழகச் சமவெளியுடன் இணைக்கிறது. வாளையாறு வழியே செல்லும் பாதை பாலக்காட்டைக் கோவையுடன் இணைக்கிறது. முன்னது கடும் ஏற்றம். பின்னது கணவாய் வழியாதலால் பெரும்பாலும் சமதரை. இவ்விரு எல்லைப் பகுதிகளிலும் சிறு விவசாயிகளுக்கு நெடுங்காலம் துணை நின்றவை இருவீச்சு எஞ்சின்களேயாகும். 1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், முதுகில் சுமந்து மருந்தடிக்கும் விசைத் தெளிப்பானும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இவ்வெஞ்சினில் வால்வுகள் இல்லை. பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடுகிறது. விலை குறைவாகவும் எடை குறைவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். எரிபொருள் வீணாவதற்கும் இதுவே காரணம். எரிந்த புகையை வெளியேற்றப் புதுக் கலவையே பயன்படுவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகைத்துளை வழியே வெளியேறிவிடுகிறது. கார்புரேட்டர் பொருத்திய எஞ்சின்களில் இவ்விழப்பு மூன்றில் ஒரு பங்கு வரை எட்டக்கூடும். கூலியில் பெட்ரோல் வாங்குபவருக்கு இது சிறு தொகையன்று.

திறனைப் பெருக்கப் பட்டறைகளில் கையாளப்படும் முறைகள் பல. புகைத்துளையை மேலே உயர்த்தி அரத்தால் பெரிதாக்குவது அவற்றுள் ஒன்று. இதனால் உச்சத் திறன் கூடுவது உண்மையே. ஆனால் அது மிகு சுழற்சியில்தான் கிடைக்கும். குறைந்த சுழற்சியில் இழுவை குறையும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். சுமையுடன் கொண்டை ஊசி வளைவில் ஏறும் வண்டிக்கு வேண்டியதோ குறைந்த சுழற்சியின் இழுவை. கிழக்கு ஜெர்மனியில் வால்ட்டர் காடன் 1950களில் செம்மைப்படுத்திய விரிவறைப் புகைக்குழாய், வெளியேறும் கலவையை அழுத்த அலையால் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதுவும் குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள்தான் பயன்தரும். பந்தயத்திற்கு உகந்தது பலாப்பழம் ஏற்றும் வண்டிக்கு உகந்ததன்று.

மலைப்பகுதிக்கு ஏற்ற மாற்றங்கள் எளியவை. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கெனப் பொருத்திய ஜெட் அங்கே தேவைக்கு மிகுதியான பெட்ரோலை ஊட்டும். பிளக்கில் கரி படியும். சற்றே சிறிய ஜெட் இக்குறையைப் போக்கும். ஆனால் அதே வண்டி கீழே இறங்கியதும் பழைய ஜெட்டுக்கு மாறுதல் வேண்டும். இல்லையேல் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறி, பிஸ்டன் இறுகிவிடும். இழுவைக்குப் பின்சக்கரப் பல்சக்கரத்தைச் சற்றுப் பெரிதாக்குவதே போதும். எண்ணெயைப் பொறுத்தவரை, எஞ்சினுக்குக் குறிப்பிட்ட அளவே தகும். 2 விழுக்காடு போதுமான எஞ்சினில் கூடுதலாக ஊற்றினால் புகைதான் பெருகும். "எண்ணெய் அதிகமானால் எஞ்சின் நீடிக்கும்" என்ற நம்பிக்கை எளிதில் மறைவதாயில்லை.

வீணாகும் எரிபொருளையே தடுக்கும் மாற்றம் பிலிப்பைன்ஸில் செய்து பார்க்கப்பட்டது. என்விரோஃபிட் என்னும் அமைப்பு, 2000களில், அங்குள்ள மூன்றுசக்கர வாடகை வண்டிகளின் பழைய எஞ்சின்களில், புகைத்துளை மூடியபின் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் கருவியைப் பொருத்தியது. எரிபொருள் செலவு சுமார் 35 விழுக்காடு குறைந்தது. ஓட்டுநர்கள் கருவியின் விலையைச் சிறுகடனாகப் பெற்று, மிச்சமான பெட்ரோல் பணத்தில் அடைக்க முடிந்தது.

இந்தியாவில் பதிவு பெற்ற வாகனங்களுக்குச் சட்டம் ஒரு வரம்பிடுகிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. கேரளத்தில் எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. தெளிப்பானும் நீரிறைப்பானும் சாலை வாகனங்கள் அல்லவாதலால் இப்பிரிவு அவற்றைத் தொடுவதில்லை. ஜெட்டையும் எண்ணெய் அளவையும் சரிபார்க்கும் பயிற்சியை அவற்றிலிருந்தே தொடங்கலாம். மருந்தடிப்பவரின் முதுகோடு ஒட்டியிருப்பது அந்த எஞ்சின்; அதன் புகையை முதலில் சுவாசிப்பவரும் அவரே.