மூடியைத் திறக்கும் முன்: பிரிண்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில், அதிலும் ஆரியசாலைப் பக்கத்து மொத்தக் கடைகளில், பிரிண்டர் நின்றால் வியாபாரமே நின்ற மாதிரி. பில் இல்லாமல் லோடு ஏறாது. அந்த அவசரத்தில்தான் உன்னைக் கூப்பிடுவார்கள். போனதும் கருவியைப் பிரித்துப் போடத் தோன்றும். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது, மக்கா. டிரைவரில் இருக்கும்.

1. முதலில் லேபிளைப் படி. முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் பெயர் போதாது. பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை எழுதிக்கொள். கடைசி எழுத்து ஒன்று மாறினாலே உள்ளே இருப்பது வேறு கருவியாக இருக்கலாம். பிறகு வின்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார். 32 பிட் டிரைவர் 64 பிட் வின்டோஸில் ஏறவே ஏறாது.

2. டிரைவர் ஒரு கணக்குப்பிள்ளை. டேலி கணக்கு மென்பொருளில் இருக்கும் பில்லை பிரிண்டருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுப்பது அதன் வேலை. எப்சன் டாட் மேட்ரிக்ஸுக்கு இஎஸ்சி/பி, ஹெச்பி லேசர்கள் பலவற்றுக்கு பிசிஎல், அச்சுத் தொழிலில் போஸ்ட்ஸ்கிரிப்ட், பில் ரோல் கருவிக்கு இஎஸ்சி/பாஸ். மொழி மாறிப்போனால் கருவி சும்மா இருக்காது. வந்த கட்டளைகளையே எழுத்தென்று எடுத்து அடிக்கும். தாளின் தலையில் ஒரு வரிக் குப்பை, அடுத்த தாளிலும் ஒரு வரி, இப்படியே ஒரு கட்டுத் தாள் தீரும். அதைப் பார்த்ததும் ‘போர்டு போச்சு’ என்று சொல்லிவிடாதே.

3. விலை குறைந்த லேசர்களிடம் கவனம். கேனன் எல்பிபி 2900 பக்கத்தைத் தானாக உருவாக்காது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவரே புள்ளிபுள்ளியாக வரைந்து அனுப்பியாக வேண்டும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 அதற்கும் மேல். சுவிட்சை அணைத்தால் அதன் ஃபர்ம்வேர் மறந்துபோகும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர்தான் திரும்ப ஏற்ற வேண்டும். சரியான டிரைவர் இல்லாத கம்ப்யூட்டரில் மாட்டினால் விளக்கு எரியும், வேறு எந்த அசைவும் இருக்காது. நல்ல கருவியைச் செத்துப்போனதாகச் சொல்லிப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் உண்டு.

4. டாட் மேட்ரிக்ஸைப் பழசு என்று இளக்காரமாகப் பார்க்காதே. ஜிஎஸ்டி விதிப்படி சரக்குக்கான பில் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. மூன்றையும் ஒரே அடியில் எடுக்க ஊசி தாளைக் குத்தியாக வேண்டும். லேசரால் அது ஆகாது.

இங்கே கடைகளில் ஓடும் தொடர்தாள் பெரும்பாலும் 10-க்கு 12 அங்குலம். டிரைவரில் உயரம் 11 அங்குலம் என்று கிடந்தால் ஒவ்வொரு பில்லும் ஓர் அங்குலம் மேலே ஏறும். நாலைந்து பில்லுக்குள் மொத்தத் தொகை தாளின் நடுவில் வந்து நிற்கும். பன்னிரண்டு பில் முடியும்போது பதினோரு தாள்தான் போயிருக்கும், பதின்மூன்றாவது பில் ஒழுங்காக உட்காரும். கடைக்காரர் ‘இப்ப சரியாயிட்டு’ என்பார். நீயும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. டிராக்டர் பல் தேய்ந்துவிட்டது என்று அதை மாற்றவும் போகாதே. டிரைவரில் 10-க்கு 12 என்று புதிய ஃபார்ம் ஒன்று உண்டாக்கித் தேர்ந்தெடு, தீர்ந்தது.

இன்னொன்று. ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரைப் போட்டால் பில் படபடவென்று வரும், ஏனென்றால் கருவி தன் ரோமில் இருக்கும் ஆங்கில எழுத்தையே அடிக்கிறது. மலையாளமும் தமிழும் அங்கே கிடையாது, கேள்விக்குறியாகத்தான் வரும். அந்த எழுத்துகள் வேண்டுமானால் கருவிக்குரிய டிரைவர் அவற்றைப் படமாக அனுப்ப வேண்டும், அப்போது வேகம் குறையும். கடையின் பெயரை அச்சகத்தில் முன்கூட்டியே அடித்த தாளை வாங்கி, தொகையை மட்டும் டெக்ஸ்டில் அடிப்பது என் யோசனை. நவராத்திரிக்கு வேளிமலை முருகன் ஆரியசாலைக் கோயிலில் வந்து தங்கும் நாட்களில் கடைகளில் நெரிசலைப் பார், வேகத்தின் அருமை புரியும்.

5. பில் ரோல் கருவியில் அகலம்தான் விஷயம். 80 மில்லிமீட்டர் ரோலில் வரிக்கு 48 எழுத்து, 58-இல் 32. பெரியதற்கான அமைப்பைச் சின்னதில் போட்டால் வலது ஓரம் வெட்டுப்படும். வலது ஓரத்தில்தான் ரூபாய் இருக்கிறது.

6. தாள் ஏ4, டிரைவரில் லெட்டர். இந்தக் கூத்து எங்கும் உண்டு. லெட்டர் தாள் 18 மில்லிமீட்டர் குட்டை. முதலில் டிரைவரில் ஏ4 என்று மாற்று.

7. யூஎஸ்பி வயரை வேறு துளையில் செருகினால் வின்டோஸ் சில சமயம் ‘காப்பி 1’ என்று இன்னொரு பிரிண்டரை உண்டாக்கும். பழையது ஆஃப்லைனில் கிடக்கும், டேலி அதற்கே அனுப்பிக்கொண்டிருக்கும். எதற்கு அனுப்புகிறது என்று பார்த்துவிட்டுப் பேசு.

8. டிரைவரைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடு. தேடியதும் முதலில் வருகிற ‘இலவச டிரைவர் அப்டேட்டர்’ பக்கம் போகாதே. டிரைவர் வின்டோஸின் உள்ளறை வரை போகிற மென்பொருள். 2021-இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, அட்மின் அனுமதி இல்லாதவர் நெட்வொர்க் வழியே டிரைவர் ஏற்றுவதையே மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது.

9. டிரைவர் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மேன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை, மூல நிரலைக் கேட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983-இல் அவரைக் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்துக்குக் கொண்டுபோனது. 2001 ஜூலையில் அவர் நம் திருவனந்தபுரத்துக்கே வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். கேரளத்துப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இன்று ஓடுவது குனு லினக்ஸ். பள்ளிக்கூடத்துக்குப் பிரிண்டர் வாங்க ஆலோசனை கேட்டால், லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பார்க்காமல் மாடல் சொல்லாதே.

10. வெளி நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை வின்டோஸ் அப்டேட் வழியே கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. புதிய கருவிகள் பொது டிரைவரில் ஓடிக்கொள்ளும். நம் டாட் மேட்ரிக்ஸுக்கும் பழைய லேசருக்கும் அந்தப் பொது டிரைவரின் மொழி தெரியாது. நீ பார்க்கிற கடைகளில் உள்ள ஒவ்வொரு மாடலுக்கும் டிரைவரை இப்போதே இறக்கி, மாடல் பெயர் எழுதி, இரண்டு இடத்தில் சேமித்து வை.