புதிய நர்ஸும் கேட்டறியும் வழக்கமும்

நோயாளியை வண்டியிலேற்றித் தாலுகா ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நம் அங்கத்தினர்கள் அங்கு இத்தகைய காட்சியொன்றைக் கண்டிருக்கக்கூடும். வயதிற் சிறிய நர்ஸ் ஒருத்தி மருந்துப் புட்டியைக் கையிலெடுத்துச் சற்றுத் தயங்கி, மூத்தவரிடம் சென்று, "சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்கிறாள். உடனே நோயாளியின் உறவினர், "இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது, வேறு ஆளை அனுப்புங்கள்" என்று சப்தமிடுகிறார். அவ்வாறு சப்தமிடுவதால் நோயாளிக்கே தீங்கு நேரக்கூடும் என்பதை விளக்கவே இவ்வியாசம் எழுதப்படுகிறது.

நர்ஸ் தொழிலை முறைப்படி கற்பிக்கும் பள்ளியொன்று 1860-ஆம் ஆண்டில், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் முயற்சியால், லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஏற்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் நர்ஸ் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்குப் பட்டப் படிப்பும் வந்தது. இன்று பட்டப் படிப்பு நான்காண்டு நடைபெறுகிறது. ஆயினும் பட்டம் பெற்ற அன்றே கை பழகிவிடுவதில்லை. அமெரிக்க நாட்டு பாட்ரீஷியா பென்னர் என்னும் அம்மையார் 1984-இல் வெளியிட்ட நூலில் நர்ஸின் தேர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார். புதிதாக வேலைக்கு வருபவர் இரண்டாம் படியிலேயே நிற்கிறாராம்; ஒரே விதமான வேலையில் இரண்டு மூன்றாண்டுகள் இருந்தவரே மூன்றாம் படியை எட்டுகிறார். நாற்று நடும் முறையைக் கேட்டறிந்தவனையெல்லாம் நாம் நடவுக்குத் தனியே விட்டுவிடுகிறோமா?

நிற்க. கேட்காமல் விடுவதால் நேரும் கேட்டுக்கு ஓர் உதாரணம் காண்போம். நீரிழிவு நோய்க்குரிய இன்ஸுலின் நம் நாட்டில் இருவிதமாகக் கிடைக்கிறது. ஒருவகைப் புட்டியில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். மற்றதில் 100 யூனிட். ஊசிக்குழல்களும் அதற்கேற்ப இருவகை. 40-க்குரியதற்குச் சிவப்பு மூடியும் 100-க்குரியதற்கு ஆரஞ்சு நிற மூடியும் இருப்பது வழக்கம். 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லிலிட்டர். அதாவது 50 யூனிட். வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு! நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும். உடனே கவனியாவிடில் உயிருக்கே அபாயம். மாற்றிப் போட்டாலோ 20-க்குப் பதில் 8 யூனிட்டே உடலிற் சேரும், சர்க்கரை இறங்காது. இரவு வேலையில், கண்ணுறங்கும் நேரத்தில், இரண்டு மூடிகளின் நிறத்தை மாறாகக் காண்பது பெரிய அதிசயமன்று.

ஆதலால் இத்தகைய மருந்துகளை இருவர் தனித்தனியே சரிபார்க்கும் முறை பல ஆஸ்பத்திரிகளில் கைக்கொள்ளப்படுகிறது. தனித்தனியே என்பதே இதில் முக்கியம். "இருபது யூனிட் சரிதானே, சிஸ்டர்?" என்று கேட்டால், "சரிதான்" என்ற பதில் தானே வந்துவிடும். முதலாமவள் கண்ட விடையைச் சொல்லாமல், டாக்டரின் சீட்டையும் புட்டியையும் குழலையும் மற்றவள் கையிற் கொடுத்துக் கணக்கிடச் சொல்லவேண்டும். நம் சங்கத்துப் பேரேட்டை இரண்டாமவர் கூட்டும்போது முதற் கூட்டுத்தொகையை மறைத்து வைப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகவே.

நரம்பில் ஊசி ஏற்றுவதிலும் ஒரு வரம்புண்டு. ஒரே நர்ஸ் இரண்டு முறைக்குமேல் முயலாமல், கை தேர்ந்த வேறொருவரை அழைப்பதே நல்ல வழக்கம். மூன்றாம் முறையும் குத்தித் தன் மானத்தைக் காத்துக்கொள்பவளைவிட, இரண்டோடு நிறுத்தி அழைப்பவளே தொழிலறிந்தவள்.

உதவி கேட்பதும் பழகவேண்டிய ஒரு வித்தையே. கலங்கிய குரலில் "சீக்கிரம் வாருங்கள்" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நிலைமை, அதற்கு முன் நடந்தது, தன் அபிப்பிராயம், தனக்கு வேண்டுவது என நான்கையும் வரிசையாகச் சொல்லக் கற்பிக்கிறார்கள். "டாக்டர், ஆறாம் கட்டில் அம்மாளுக்கு ரத்த அழுத்தம் 80-க்கு 50 ஆக இறங்கிவிட்டது. இன்று காலை பிரசவமாயிற்று. உதிரப்போக்கு அதிகமென்று நினைக்கிறேன். உடனே வந்து பார்க்கவேண்டும்." அரை நிமிஷத்தில் சொல்லி முடியும் இவ்வார்த்தைகளில் ஒரு தாயின் உயிர் அடங்கியிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் புதியவள் வாய் திறவாமலிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சமே. "இதுகூடத் தெரியாதா?" என்று மூத்தவர் ஒருமுறை சீறிவிட்டால், அடுத்த முறை அவள் கேட்கமாட்டாள், ஊகித்துச் செய்வாள். மூத்தவர்களைத் திருத்துவது ஆஸ்பத்திரியாரின் பொறுப்பு. கட்டிலருகில் நிற்கும் உறவினர் சீறாமலிருப்பதோ நம் கையிலுள்ளது. நர்ஸ் மற்றொருவரை அழைத்துக் கேட்கையில் குறுக்கிடாமல், அவள் திரும்பி வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

வீட்டில் இன்ஸுலின் போட்டுக்கொள்ளும் நோயாளியை அழைத்துச் செல்லும் அங்கத்தினர்கள் பழைய சீட்டுகளோடு, உபயோகத்திலிருக்கும் புட்டியையும் அதற்குரிய ஊசிக்குழலையும் ஒரே பையிலிட்டு எடுத்துச் செல்க. புதிய நர்ஸ் அவற்றை மூத்தவரிடம் காட்டி ஒப்பிட்டுக்கொள்ள அவை பெரிதும் உதவும்.